சீட்டில் விழுந்த பிரபு

ஆசிரியப் பணியேற்ற முதலாண்டில் பிரெஞ்சுப் புரட்சியைப் பாடமாக நடத்தினேன். 1789 என்றேன், 1789 என்றனர். பாஸ்டில் என்றேன், பாஸ்டில் என்றனர். எதிரொலி கல்வியாகுமா? தேர்வில் ஆண்டு தவறவில்லை. ஆனால், மக்கள் ஏன் கொதித்தெழுந்தனர் என்ற வினாவுக்கு மட்டும் விடைத்தாளில் வெற்றிடம்!

மறு ஆண்டு, பாடத்தை விளையாட்டாக்கினேன். மாணவர் நாற்பதின்மர்; சீட்டுகளும் நாற்பது. பத்தில் ‘மதகுரு’, பத்தில் ‘பிரபு’, இருபதில் ‘பொதுமக்கள்’. மதகுருவின் சீட்டுகளுள் ஒன்றில் மட்டும் ‘ஏழைக் கிராமப் பாதிரி’ என்று எழுதினேன். 1789 மே 5ஆம் நாள், வெர்சேல்ஸ் நகரிலே, 175 ஆண்டுகளுக்குப் பின் கூடிய எஸ்டேட்ஸ் ஜெனரல் எனும் பேரவையில் பிரதிநிதிகளின் விகிதம் ஏறத்தாழ அதுவே. கண்ணை மூடி எடுத்தனர். கையில் வந்ததே குலமாயிற்று!

தீர்மானம் ஒன்று: நிலவரியை அனைவரும் செலுத்த வேண்டுமா? பொதுமக்கள் இருபதின்மரும் “வேண்டும்” என்றனர். மற்ற இரு பிரிவினரும் மறுத்தனர். பிரிவுக்கு ஒரு வாக்கு என்பது பழைய மரபு. இரண்டுக்கு ஒன்று, தீர்மானம் தோற்றது. மறுபடி வாக்கெடுப்பு, மறுபடி தோல்வி. மூன்றாம் முறை, வகுப்பில் வாய் திறவாத மாணவி ஒருத்தி எழுந்தாள்: “ஐயா, பிரிவை எண்ணுகிறீர்களே, ஆளை எண்ணினால் என்ன?”

தோழர்களே, சிலிர்த்துப் போனேன்! பிரான்சையே உலுக்கிய வினா அது. நான் சொல்லித் தந்ததன்று. ஆளை எண்ணினோம், இருபதுக்கு இருபது. அப்போது ‘ஏழைப் பாதிரி’ எழுந்து, பொதுமக்கள் பக்கம் சென்று அமர்ந்தான். 1789 ஜூனில் பாதிரிமார் சிலர் செய்ததும் அதுவே!

வெற்றிக் களிப்பு நண்பகல் வரைதான். உணவு வேளையில் ‘பிரபு’ ஒருவன், ‘பொதுமக்களில்’ ஒருவனைத் தன் பையைச் சுமக்கச் சொன்னான். அவனும் சுமந்தான்! மணி அடித்தும் ஆட்டம் முடியவில்லை. பிழை என்னுடையது. வேடத்தை மாட்டத் தெரிந்த எனக்கு, அதைக் கழற்றத் தெரியவில்லை.

மறுநாள் சீட்டுகளை மாற்றிக் கொடுத்தேன். நேற்றைய பிரபு, இன்று வரி செலுத்துபவன். ஆடி முடித்து, வட்டமாக அமர்ந்தோம். “நேற்று ஏன் மறுத்தாய்?” என்று அவனைக் கேட்டேன். நெடுநேரம் தலைகுனிந்திருந்தவன் சொன்னான்: “அநியாயம் என்றே தோன்றவில்லை, ஐயா. விதி என்றுதான் தோன்றியது.”

விதி! ஆதிக்கம் எந்நாளும் சூட்டிக்கொள்ளும் பெயரைச் சின்னஞ்சிறுவன் சொல்லிவிட்டான்.

ஆசிரியத் தோழர்களே, வரலாற்றை விளையாட விடுங்கள். ஆட்டத்திற்கு அரைமணி என்றால், அதைப் பற்றிய உரையாடலுக்கு ஒரு மணி ஒதுக்குங்கள். ஆனால், அடிமையாகவோ தீண்டப்படாதவனாகவோ எந்தக் குழந்தையையும் நடிக்க வைக்காதீர்கள். வீடு சென்ற பின்னும் அவ்வேடம் கழலாத குழந்தைகள் நம் வகுப்பிலேயே உண்டு.

வகுப்பறையில் சீட்டை மாற்றிக் கொடுக்க ஓர் ஆசிரியன் இருந்தேன். வெளியே, பிறந்தவுடன் கையில் திணிக்கப்பட்ட சீட்டை மாற்றுவது யார்? அந்த வினாவோடு வீடு திரும்பும் மாணவரே வரலாறு படித்தவர்.