புமோரியின் தோளில்

புமோரி என்றால் ஷெர்பா மொழியில் கல்யாணமாகாத மகள். 7,161 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்குப் பெயர் வைத்தவர் ஜார்ஜ் மல்லோரி என்ற ஆங்கிலேயர். எவரெஸ்டுக்கு வழி தேடி வந்து, 1924இல் அந்த மலையிலேயே மறைந்துபோனவர். எவரெஸ்ட் என்பதும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்ட ஒரு நில அளவை அதிகாரியின் பெயர்தான். ஷெர்பாக்களுக்கு அது சோமோலுங்மா. மியோலங்சங்மா என்ற பெண்தெய்வம் குடியிருக்கும் இடம். ஐந்து சகோதரிகளில் ஒருத்தி அவள். புலிமேல் வருபவள், உணவு தருபவள். புமோரியின் தெற்குத் தோளில் காலா பத்தர் என்றொரு மேடு இருக்கிறது. கருங்கல் என்று அர்த்தம். உயரம் சுமார் 5,550 மீட்டர். எவரெஸ்ட் அடிவார முகாமில் நின்றால் உச்சி தெரியாது என்பதால், அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இந்த மேட்டில்தான் ஏறுகிறார்கள். விடைத்தாள் திருத்தும் பணி முடிந்த கையோடு, ஒரு மே மாதத்தில், நாற்பத்தாறாவது வயதில் நானும் போனேன்.

எங்கள் ஊருக்கு மேற்கேயும் ஒரு மலை இருக்கிறது. பெயர் சொல்ல வேண்டியதில்லை, கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தெரியும். பத்து வயதுக்கு மேல் ஐம்பது வயதுக்குள் இருக்கும் பெண்கள் ஏறக்கூடாது என்பது வழக்கம். என் துறையின் ஆண் பேராசிரியர்கள் ஆண்டுதோறும் ஏறி இறங்கி, கால்வலியும் திருநீறுமாக வகுப்புக்கு வருவார்கள். எனக்கு இன்னும் நான்கு ஆண்டு பாக்கி. அதுவரை முழங்கால் காத்திருக்குமா? நேபாளம் போகிறேன் என்றதும் “வீட்ட யாரு பாத்துக்குவாங்க?” என்று கேட்டவர்களும் அவர்கள்தான். கடல்வழிப் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியம். மலையைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை என்று பதில் சொன்னேன். ஒருவர் மட்டும் சிரித்தார்.

லுக்லாவின் 527 மீட்டர் ஓடுபாதையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஊர் முடிந்து நடைபாதை தொடங்கும் இடத்தில் ஒரு நினைவு வளைவு இருக்கிறது, அதைப் பற்றிச் சொல்கிறேன். பாசாங் ல்ஹாமு ஷெர்பாவுக்காகக் கட்டப்பட்டது அது. மூன்று முறை முயன்று திரும்பி, நான்காம் முறை, 1993 ஏப்ரல் 22இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் நேபாளப் பெண். இறங்கும்போது வானிலை மோசமாகி மலையிலேயே இறந்தார். வயது 31, மூன்று குழந்தைகள். இன்று அவருக்குச் சிலை இருக்கிறது, தபால்தலை இருக்கிறது, அவர் பெயரில் ஒரு சிகரமே இருக்கிறது. உயிரோடு இருந்தபோது, பிள்ளைகளை விட்டுவிட்டு மலை எதற்கு என்ற கேள்விதான் இருந்தது. 1953இல் டென்சிங் உச்சிக்குப் போனபோது அவருடைய மகள்களை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று எந்தப் பத்திரிகைக்காரரும் கேட்டதாக நான் படித்ததில்லை.

எனக்கு வழிகாட்டியாக வந்தவள் ராய் இனத்தைச் சேர்ந்த இருபத்தாறு வயதுப் பெண். எதிரே வந்த பயணிகள் பலரும் அவளிடமே “உங்கள் வழிகாட்டி எங்கே?” என்று கேட்டார்கள். அவள் நிதானமாக, “முன்னால் போகிறார்” என்று சொல்லிவிட்டு முன்னால் போவாள்.

நாம்சே வரையிலான ஏற்றத்தில் நெற்றிப்பட்டையில் கூடை மாட்டிய பெண்களையும் பார்த்தோம். அரிசி மூட்டை, பீர் பெட்டி, ஒருமுறை ஒரு கழிப்பறைப் பீங்கான். அதற்கு மேலே தெங்போச்செ. அங்குள்ள பௌத்த மடம் 1916இல் தொடங்கியது. 1934 நிலநடுக்கத்தில் இடிந்தது, 1989இல் தீயில் எரிந்தது, இரண்டு முறையும் கட்டி எழுப்பப்பட்டது. எல்லோரும் அங்கே நின்று படம் எடுக்கிறார்கள். அங்கிருந்து இருபது நிமிடம் கீழே இறங்கினால், பூத்து நிற்கும் ரோடோடென்ட்ரான் மரங்களுக்கு நடுவே தெபோச்செ. பிக்குணிகளின் மடம் அது. பாதையிலிருந்து சற்று விலகிப் போக வேண்டும். நாங்கள் போனபோது வயதான இரண்டு பிக்குணிகள் வெயிலில் உட்கார்ந்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தேநீர் கொடுத்தார்கள். நாங்கள் இருந்த ஒரு மணிநேரத்தில் வேறு யாரும் வரவில்லை.

டிங்போச்செயில் இரண்டு இரவு தங்க வேண்டும். 4,410 மீட்டரில் உடம்பு பழக வேண்டும் என்பதற்காக. கல்சுவர் எழுப்பிய சிறு சிறு வயல்கள். பார்லியும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. சுவர்களில் வறட்டி தட்டியிருந்தது. எங்கள் அப்பிச்சி வீட்டுச் சுவர் போலவே, ஐந்து விரல் பதிவோடு. இங்கே யாக் சாணம். மரம் வளராத உயரம் என்பதால் அடுப்புக்கு அதுதான். விடுதியை நடத்தும் தீதிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தீதி என்றால் அக்கா. என்னை பஹினி, தங்கச்சி, என்று கூப்பிட்டார். தொலைக்காட்சித் தொடர் பார்த்துக் கற்ற அவருடைய இந்தியும் என் அரைகுறை இந்தியும் சேர்ந்து ஓரளவு ஓடின. மீதியை வழிகாட்டிப் பெண் பார்த்துக்கொண்டாள்.

அவர் கேட்ட முதல் கேள்வி: “உனக்குச் சம்பளத்தோடு விடுமுறையா?” ஆமாம் என்றதும் திருப்தியாகத் தலையாட்டினார்.

இருபது வருடம் மலையேற்றக் குழுக்களுக்குச் சுமை தூக்கிய கணவருக்கு இப்போது முழங்கால் போய்விட்டது. மருமகன் அப்போது மலையில் இருந்தார், கும்பு பனியருவியைத் தாண்டிச் சாமான்களை மேல் முகாம்களுக்குக் கொண்டுபோகும் வேலை. தினமும் விடியலில் தீதி வாசலில் ஜூனிப்பர் தழையைப் புகைத்துக் கும்பிடுவார். பிறகு பதினாறு பேருக்குக் காலை உணவு, கணக்கு, மாலைக்குள் வறட்டியைத் திருப்பிப் போடுதல். நடுவில் காத்மாண்டுவிலிருந்து மகள் பேசுவாள். “ஏதாவது தெரிஞ்சுதா?” என்ற ஒரே கேள்விதான். வகுப்பில் பொருள்வயிற் பிரிவை நடத்தும்போது தலைவனுக்குப் பாலைவழி, தலைவிக்கு நெகிழும் வளை, கண்ணீர் என்று சொல்லிக்கொண்டு போவேன். தலைவி அந்த மாதங்களில் யாருக்கெல்லாம் சோறாக்கினாள், கடனை எப்படி அடைத்தாள் என்று ஒரு மாணவிகூடக் கேட்டதில்லை. அடுத்த முறை நானே கேட்கப் போகிறேன்.

“காலா பத்தர் மேலே ஏறியிருக்கீங்களா, தீதி?” என்று கேட்டேன். கோரக்ஷெப் வரை எத்தனையோ தடவை சாமான் கொண்டுபோயிருக்கிறார். அதற்கு மேலே கடை இல்லையே, போய் என்ன செய்வது என்றார்.

துக்லாவைத் தாண்டி ஏறினால் மேட்டில் கல் அடுக்கிய நினைவுச் சின்னங்கள், காற்றில் படபடக்கும் பிரார்த்தனைக் கொடிகள். மலையில் இறந்தவர்களுக்கானவை. ஷெர்பாக்களில் பலருக்குப் பிறந்த கிழமைதான் பெயர். தாவா திங்கள், மிங்மா செவ்வாய், பாசாங் வெள்ளி. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே பெயர்தான். 2014 ஏப்ரல் 18இல் பனியருவிக்கு மேல் பனிச்சரிவு விழுந்து ஒரே காலையில் பதினாறு நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் மனைவி நிமா டோமா. அதற்கு முந்தைய ஆண்டு அதே மலையில் கணவரைப் பறிகொடுத்தவர் ஃபுர்டிகி. இருவரும் மலையேறப் பயிற்சி பெற்று, கணவர்கள் முடிக்காமல் விட்ட ஏற்றத்தை 2019 மே மாதத்தில் உச்சி வரை போய் முடித்தார்கள். வழிகாட்டிப் பெண் அந்த இரண்டு பெயர்களையும் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தாள்.

லோபுச்செயில் இரவு பதினொரு மணிக்கு எனக்கு மாதவிலக்கு வந்தது, பத்து நாள் முன்னதாக. வெளியே கழிப்பறை, பீப்பாயில் தண்ணீர் உறைந்திருந்தது, குவளையால் தட்டி உடைக்க வேண்டியிருந்தது. போகிற தோழிகளுக்குச் சொல்கிறேன்: கணக்குப் பார்த்துக் கிளம்பினாலும் நாப்கின் எடுத்துப் போங்கள். அந்தக் குளிரில் எதுவும் மக்காது. பயன்படுத்தியதை இறுக்கி மூடும் பையில் போட்டு நாம்சே வரை திருப்பிக் கொண்டுவர வேண்டும். நான் கொண்டுவந்தேன். பையில் இடமிருந்தது.

மறுநாள் கோரக்ஷெப். அதற்கடுத்த நாள் அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதி ஆக்சிஜன்தான். பத்தடி வைத்தால் இருபது மூச்சு. வயிறு பிடித்து இழுத்தது, தொடை கனத்தது. தெய்வம் பெண்தான், எனக்கு இருந்ததும் மூன்றாம் நாள்தான். யாரும் வயதுச் சான்றிதழ் கேட்கவில்லை. மூன்று மணிநேரத்தில் கொடிகள் கட்டியிருந்த பாறையைத் தொட்டேன்.

எதிரே நுப்சேதான் பெரிதாகத் தெரிகிறது, அருகில் இருப்பதால். அதன் தோளுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு முக்கோணம், அதுதான் எவரெஸ்ட். முதுகுக்குப் பின்னால் புமோரி, வெள்ளை வெளேரென்று. நான் அதிக நேரம் அவளைத்தான் பார்த்தேன். கீழே பனியாற்றின் மேல் மஞ்சள் புள்ளிகளாக அடிவார முகாமின் கூடாரங்கள். எல்லாவற்றையும் படம் எடுத்தேன். விரல் மரத்துப்போனதும் இறங்கிவிட்டோம்.

டிங்போச்செக்குத் திரும்பிய மாலை தீதி படங்களைக் காட்டச் சொன்னார். எவரெஸ்டைத் தள்ளினார், நுப்சேயைத் தள்ளினார். கூடாரங்கள் தெரிந்த படத்தில் நின்று, இரண்டு விரலால் பெரிதாக்கி, மஞ்சள் கலங்கி ஒன்றும் புரியாமல் போகும் வரை பெரிதாக்கிக்கொண்டே போனார்.

“இதை எப்போ எடுத்தே?”

“முந்தாநாள் காலைல.”

“முந்தாநாள் அவன் மேலே இருந்தான். இதில் இருக்க மாட்டான்” என்று சொல்லி போனைத் திருப்பித் தந்தார். வெளியே மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. வறட்டியை எடுக்க வேண்டும் என்று கூடையோடு எழுந்தார். நாங்களும் கூடப் போனோம்.