எந்த எடத்துல?

எங்கள் ஊருக்குப் படம் வருவதற்கு முன்பே கதை வந்துவிடும். மதுரையில் ரிலீசாகும் படம் உசிலம்பட்டியில் ஓடி முடித்து எங்கள் டூரிங் கொட்டகைக்கு வந்து சேர ஒரு வருஷம்கூட ஆகும். கதைக்கு அந்தக் காத்திருப்பெல்லாம் கிடையாது. ஆஸ்பத்திரிக்கோ ஜவுளி எடுக்கவோ மதுரைக்குப் போன யாராவது ஒருவர் சென்ட்ரலிலோ தங்கத்திலோ மேட்னி பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்குவார். மறுநாள் காலையில் மந்தை வேப்பமரத்தடியில் அவரைச் சுற்றிப் பெரிய கூட்டமே உட்கார்ந்திருக்கும்.

கதை சொல்வதில் என் பெரியப்பா மகன் கைதேர்ந்தவன். மதுரையில் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் எங்களுக்குத்தான். டைட்டில் ஓடும்போது பின்னால் என்ன தெரிகிறது என்பதில் ஆரம்பிப்பான். பாட்டு வரும் இடத்தில் பாடுவான், சண்டை வந்தால் எழுந்து நின்றுகொள்வான். ‘16 வயதினிலே’ கதையை அவன் சொல்லி முடித்தபோது நிழல் மரத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. சப்பாணி நடக்கும் நடையை அவன் நடந்து காட்ட, நாங்கள் ஒவ்வொருவரும் நடந்து பார்த்தோம். படத்தின் டைரக்டர் பாரதிராஜா அல்லிநகரத்துக்காரர், இசை போட்ட இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர் என்று அவன் சொன்னபோது எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தேனிப் பக்கமெல்லாம் அப்போது எங்கள் மதுரை மாவட்டம்தான்.

கதை முன்கூட்டியே தெரிந்துவிட்டதே என்று யாரும் வருத்தப்பட்டதில்லை. என்ன நடக்கும் என்பது தெரிந்ததுதான், அதை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கவே போனோம். ஞாயிறு மதியம் ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டிருப்போம். இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவின் குரல் படத்தின் பெயரைச் சொல்லும்போதே பாதிப் படம் கண்ணுக்குள் ஓடிவிடும். பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் போட்டு, முக்கியமான கட்டத்தில் நிறுத்திவிட்டு மீதியை வெள்ளித்திரையில் பார்க்கச் சொல்வார்கள். இவ்வளவையும் மனசுக்குள் ஏற்றிக்கொண்டுதான் கொட்டகைக்குள் நுழைவோம்.

கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு புரொஜெக்டர். ஆயிரம் அடி ரீல் ஒன்று ஓட 11 நிமிஷம். ரீல்களைச் சேர்த்துச் சுற்றி வைத்தாலும், தீர்ந்ததும் நிறுத்தித்தான் அடுத்ததை மாட்ட வேண்டும். டவுன் தியேட்டரில் இரண்டு மெஷின் இருக்கும், மாறுவதே தெரியாது. எங்களுக்கு ஒரு படத்துக்குள் பல இடைவேளை. இன்றைக்கு யோசித்தால் அது பெரிய கொடுப்பினை என்றுதான் தோன்றுகிறது. விளக்கைப் போட்டதும் தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்த எல்லோரும் திரும்பி உட்கார்ந்துவிடுவார்கள். முறுக்குத் தட்டும் சோடா பாட்டிலும் குறுக்கே போய்க்கொண்டிருக்க, அதுவரை பார்த்ததைப் பற்றிப் பேச்சு தொடங்கிவிடும். அவள் ஏன் அப்படிச் சொன்னாள், இவன் நல்லவனா கெட்டவனா, அடுத்து என்ன செய்வான். விளக்கு அணையும்போது போன தடவை பார்த்த ஆளாக யாரும் இருக்க மாட்டோம். பக்கத்தில் இருந்தவன் சொன்னது மனசுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும்.

படம் ஆரம்பிக்குமுன் சென்சார் சர்டிபிகேட் தெரியும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எத்தனை ரீல் என்று படித்துவிட வேண்டும். பதினாறு, பதினேழு என்று இருந்தால் ஒரே கூச்சல். ஆனால் எங்கள் ஊருக்கு வரும் பிரிண்ட் எத்தனையோ ஊர்களில் ஓடித் தேய்ந்தது. திரை முழுக்கக் கோடு கோடாக மழை பெய்யும். அறுந்து அறுந்து ஒட்டியதில் சில இடங்களே காணாமல் போயிருக்கும். ஒருவன் வாசல்படி ஏறுவான், அடுத்த நொடி மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பான். அப்போது மதுரையில் பார்த்தவர்களுக்குத் தனி மரியாதை. “இந்த எடத்துல ஒரு சீனு இருக்குடா, வெட்டுப்பட்டுப் போச்சு” என்று இருட்டில் ஒரு குரல் வரும். விட்டுப்போனதை அந்தக் குரலே சொல்லி முடிக்கும். எங்கள் ஊரில் ஒரு முழுப் படம் என்பது திரையில் ஓடியதும் கூட்டத்திலிருந்து வந்த குரலும் சேர்ந்ததுதான்.

எல்லாப் பேச்சும் கடைசியில் போய்ச் சேரும் இடம் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய சலூன். அந்தச் சலூன் அண்ணன் கொட்டகைப் போஸ்டர் தட்டியைத் தன் கடை வாசலில் சாத்திவைக்க இடம் கொடுத்திருந்தார். அதற்காகக் கொட்டகைக்காரர் ஒவ்வொரு படத்துக்கும் அவருக்கு ஒரு பாஸ் தருவார். அதனால் அண்ணன் எல்லாப் படத்தையும் பார்த்துவிடுவார், பிடித்துப்போனால் மறுபடி போவார். எதிரெதிரே இரண்டு கண்ணாடி, நடுவே சுழலும் மர நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு, அதன்மேல் கசங்கிய தினத்தந்தியும் அட்டை கிழிந்த ‘பேசும் படம்’ இதழ்களும். முடி வெட்ட வந்தவர்களைவிடப் பேச வந்தவர்களே அங்கே அதிகம். எங்களைப் போன்ற பொடியன்களையும் பெஞ்சில் இடம் விட்டு உட்காரச் சொன்ன ஒரே கடை அது.

அண்ணன் அதிகம் பேச மாட்டார். யாராவது “படம் பிரமாதம்ணே” என்று சொன்னால் கத்தரிக்கோல் நின்றுவிடும். கண்ணாடிக்குள்ளிருந்தே நம்மைப் பார்த்து, “எந்த எடத்துல?” என்பார். “படம் குப்பைணே” என்றாலும் அதே கேள்விதான். ரஜினி நடிப்பு, கமல் நடிப்பு, பாட்டு, போட்டோகிராபி என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. இடத்தைச் சொல்ல வேண்டும். யார் நின்றார்கள், யார் உட்கார்ந்திருந்தார்கள், என்ன பேசினார்கள், யார் பேசாமல் இருந்தார்கள். அதைச் சொல்லி முடித்தால்தான் கத்தரிக்கோல் மறுபடி ஓடும்.

ஆனந்த விகடன் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 மார்க் போட்டிருந்தது. அது வரைக்கும் அவர்கள் எந்தப் படத்துக்கும் அவ்வளவு போட்டதில்லை. பெஞ்சில் பெரிய கொண்டாட்டம். அண்ணன் மட்டும், “மிச்சம் முப்பத்தேழரை எங்கிட்டுப் போச்சு? நீங்களா இருந்தா எந்த எடத்துல கொறைப்பீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு பல நாள் அலைந்தோம். நேசித்த ஒரு படத்தில் குறை தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பதும், தேடிய பிறகும் நேசம் குறையவில்லை என்பதும் அந்த நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது.

‘முள்ளும் மலரும்’ 1978 ஆகஸ்ட் 15 அன்று வெளியான படம். எங்கள் கொட்டகைக்கு வந்தபோது மறு வருஷ அறுப்பே முடிந்திருந்தது. உமாசந்திரனின் நாவலை வைத்து மகேந்திரன் எடுத்த முதல் படம். ஒளிப்பதிவு பாலு மகேந்திரா. இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ரஜினி படம் என்றுதான் போனோம். அதில் அவர் பெயர் காளி. சண்டையை எதிர்பார்த்து வந்த இளவட்டங்கள் இடைவேளைக்கு இடைவேளை முணுமுணுத்தார்கள். வசனமும் குறைவு. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் சலூனில் நான்தான் வாயைத் திறந்தேன்.

“படம் சூப்பர்ணே.”

“எந்த எடத்துல?”

எனக்கு முன்னால் பட்டறைக்காரர் மகன் முந்திக்கொண்டான். “கடேசிலண்ணே.”

“கடேசில என்னத்தப் பாத்த?”

“தங்கச்சிய எஞ்சினியருக்குக் கட்டிக் குடுக்க ஒத்துக்கிறாருல்ல காளி.”

“அதுக்கு முன்னாடி?”

“தங்கச்சி ஓடியாந்து அண்ணனக் கட்டிப் பிடிக்குது.”

“எங்கிட்டிருந்து ஓடியாருது?”

யாருக்கும் பதில் வரவில்லை. அண்ணன் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். “ஊரு மொத்தமும் அங்கிட்டு நிக்குதுடா. பொண்டாட்டியும் அங்கிட்டுத்தான். இவன் ஒத்தையில இங்கிட்டு நிக்கிறான், கையும் போச்சு. அந்தப் புள்ள அம்புட்டுப் பேரையும் விட்டுட்டு அங்கிட்டிருந்து இங்கிட்டு வருது. அது வந்த பெறகுதான் இவன் குடுக்குறான். பிடுங்கிட்டுப் போனா குடுத்திருக்க மாட்டான்.”

சவரத்துக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் விடவில்லை. எம்.ஜி.ஆர். படம் தவிர வேறு எதையும் படமாகவே மதிக்காதவர் அவர். “அதான் குடுத்துட்டான்ல, பெறகென்ன மாப்பிள்ளையப் பாத்து இன்னமும் ஒன்னயப் பிடிக்கலன்னு சொல்றது? வாத்தியார் இப்பிடி நடிப்பாரா?” என்றார். நியாயமான கேள்விதான். அதற்கு அண்ணன் பதில் சொல்லவில்லை. பெஞ்சின் ஓரத்தில் இருந்த, எப்போதும் பேசாத ஒரு பையன்தான் பேசினான். “மனசு மாறிருச்சுன்னு சொன்னா அது பொய்யில்ல தாத்தா? அவருக்குப் பிடிக்கலதான், ஆனா தங்கச்சிக்காகக் குடுத்துட்டாரு” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “எங்கக்கா கல்யாணத்துக்கு எங்கய்யா கடேசி வரைக்கும் வரல” என்றும் சொன்னான்.

அன்றைக்கு அவனிடம் அண்ணன் எந்த இடம் என்று கேட்கவில்லை. எழுந்துபோய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார். பெரியவரும் வாதத்தைத் தொடரவில்லை. ஒரு படத்தைப் பற்றிச் சொல்லப்படும் கருத்துக்குள் சொல்லுகிறவனின் வீடு இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். அதன் பிறகு யார் எந்தப் படத்தைப் பிடிக்கவில்லை என்று சொன்னாலும் உடனே மறுத்துப் பேச எனக்கு மனசு வந்ததில்லை. அவர் எங்கே நின்று பார்த்தார் என்று தெரிந்துகொள்ளத்தான் தோன்றும்.

மகேந்திரனின் அடுத்த படம் ‘உதிரிப்பூக்கள்’, 1979. அது ஊருக்கு வந்தபோது நான் கொஞ்சம் வளர்ந்திருந்தேன். படத்தின் முடிவு பலருக்கு நினைவிருக்கும். மனைவியையும் சுற்றியிருந்தவர்களையும் வதைத்த சுந்தரவடிவேலை ஊர்க்காரர்கள் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவன் தண்ணீருக்குள் இறங்கிப் போகுமுன், நான் செய்ததிலேயே பெரிய தப்பு உங்களையும் என்னைப் போல ஆக்கியதுதான் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறான். கரையில் அவன் பிள்ளைகள் இரண்டும் நிற்கின்றன.

சலூனில் ஒரு வாரம் அந்த வார்த்தையைத்தான் அலசினார்கள். ஊர் செய்தது சரியா, கொலையா, தண்டனையா. போலீசில் ஒப்படைத்திருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. அப்படிப்பட்டவனை என்ன செய்தாலும் தகும் என்று இன்னொரு கட்சி. எனக்கும் ஆவேசமான ஒரு கருத்து இருந்தது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் அதைச் சொன்னேன். அத்தை சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் பெண்கள் பக்கம் தனி. இடையில் இடுப்பளவு மண்சுவர். அவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் கேட்டதும் இல்லை. அத்தை நான் பேசியதை முழுக்கக் கேட்டுவிட்டு, “அது கெடக்கட்டும். அந்த ரெண்டு பிள்ளைகளும் ராத்திரி யாரு வீட்டுல சாப்பிட்டிருக்கும்?” என்று கேட்டார். குழாயடியில் அன்றைக்குக் காலையிலிருந்து அதுதான் பேச்சாம். சித்தப்பன் முறை யாராவது இருந்தால் கூட்டிப்போயிருப்பார்கள் என்று ஒருத்தி சொல்ல, பெண்பிள்ளையை யாரும் லேசில் ஏற்க மாட்டார்கள் என்று இன்னொருத்தி சொல்லி அழுதிருக்கிறாள். சலூனில் அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மண்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தவர்களுக்குப் படம் ஆற்றோடு முடியவில்லை.

இந்தப் படத்துக்கு விதை புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’ என்று வெகுகாலம் கழித்துத் தெரிந்து, தேடிப் படித்தேன். படிக்கும்போதும் அத்தையின் கேள்விதான் கூட வந்தது. தாயில்லாத பிள்ளைகளைப் பற்றிய கதை என்று பெயரிலேயே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் அதைப் படிக்காமலே சரியான இடத்தில் கை வைத்திருந்தார்கள்.

பிறகு டி.வி. வந்தது, வாடகை டெக் வந்தது. கொட்டகையின் தற்காலிக லைசென்ஸ் முடிந்து ஒருமுறை பிரித்தவர்கள் திரும்பக் கட்டவில்லை. நான் படிக்க, வேலை பார்க்க என்று வெளியூர் போய்விட்டேன். எத்தனையோ பேரோடு படம் பார்த்திருக்கிறேன், நன்றாகப் பேசும் நண்பர்கள் பலர் வாய்த்தார்கள். இன்றைக்கு முதல் காட்சி முடிவதற்குள் மார்க் வந்துவிடுகிறது, வெற்றி தோல்வி தீர்மானமாகிவிடுகிறது, யாருக்கு எவ்வளவு வசூல் என்ற கணக்கு வந்துவிடுகிறது. சண்டையும் பலமாக நடக்கிறது. இடத்தைச் சொல்லிப் பேசுகிறவர்கள்தான் குறைவு. இடத்தைச் சொல்லாத கருத்து பாராட்டாக இருந்தாலும் வசையாக இருந்தாலும் படத்தைப் பற்றியதே அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு படம் பார்த்துவிட்டு வந்து நல்லா இருந்தது என்று சொன்னால், எத்தனை மார்க் என்று கேட்காதீர்கள். எந்த இடத்தில் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். முடிந்தால் ஒரு டீயும் வாங்கிக் கொடுங்கள்.