மருந்தீசன் ஊரில் மோட்டார் வைத்தியம்

அடையாற்றைத் தாண்டித் தெற்கே சென்றால் திருவான்மியூர். அகத்திய முனிவருக்குச் சிவபெருமான் மருந்துகளின் குணங்களை உபதேசித்த தலம் இது என்பது ஐதிகம். அதனால் சுவாமிக்கு மருந்தீசுவரர் என்றே திருநாமம். 1936-ல் ருக்மிணிதேவி அருண்டேல் தொடங்கிய கலாக்ஷேத்திரம், 1962-ல் இங்கேதான் குடிவந்தது. புதுச்சேரிப் பக்கம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை புறப்படுவதும் இங்கிருந்துதான்.

இத்தனை பெருமை உள்ள ஊரில் நடுநிசித் தூக்கத்தைக் கெடுப்பது எது தெரியுமா? வீட்டு வாசலில் நிற்கும் காரின் அலாரம்! திருடன் வந்தால் கத்தவேண்டியது, பூனை குதித்தாலும் கத்துகிறது. தீபாவளி வெடிக்கோ கேட்கவே வேண்டாம். கத்தினாலாவது பரவாயில்லை, மறுநாள் காலை குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகச் சாவியைத் திருப்பினால், 'டிக் டிக்' என்ற சத்தத்தோடு வண்டி மௌன விரதம் பூண்டுவிடுகிறது.

இதற்கு இந்த ஊர்க் காற்றும் ஒரு காரணம். மாலையில் நாம் ஆசையோடு வாங்கும் கடற்காற்று நமக்கு அமிர்தம், ஒயர்களுக்கு விஷம். டேப் சுற்றி ஒட்டுப்போட்ட இடத்தில் உப்பும் ஈரமும் புகுந்து செம்பு பச்சை பூத்துவிடும். கதவு ஸ்விட்சில் புகுந்தாலோ, மூடிய கதவைத் திறந்த கதவென்று அலாரம் எண்ணிக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கும்.

விழித்திருப்பதற்குச் சாப்பாடு வேண்டாமா? பாட்டரியைத்தான் சாப்பிடும். கணக்குப் பாருங்கள். வண்டி உறங்கும்போது 50 மில்லி ஆம்பியருக்குள் மின்சாரம் செலவானால் பொதுவாகக் குற்றமில்லை. அரை ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போச்சு. 45 ஆம்பியர்-மணி பாட்டரி இரண்டே நாளில் பாதிக்குமேல் காலி!

வைத்தியத்துக்கு முன் நாடி பார்க்கவேண்டும். ஓடாமல் நின்ற வண்டியில் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14 வோல்ட் வந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். இரண்டும் சரியா? அலாரத்தின் ஃப்யூஸை எடுத்துவிட்டு ஓர் இரவு பாருங்கள். காலையில் வண்டி சமர்த்தாகக் கிளம்பினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். அலாரத்துக்குத் தனி ஃப்யூஸே இல்லையென்றால், பொருத்தியவரை அன்றே கூப்பிடுங்கள். ஃப்யூஸ் இல்லாத ஒயர் எங்காவது உரசினால் தீப்பிடிக்கும்.

அடுத்து எர்த் ஒயர். பெயிண்டின்மேல் திருகியிருந்தால் விளக்கு மங்கும், ஹாரன் முனகும். பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகே முடுக்கவேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைக் கேளுங்கள். சில அலாரங்கள் வண்டியின் ஒயரை வெட்டி, நடுவே ஒரு ரிலேயை வைக்கும். அது ஸ்டார்ட்டர் ஒயரில் இருந்தால், கெட்டாலும் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். பெட்ரோல் பம்பின் ஒயரிலோ இக்னிஷன் ஒயரிலோ இருந்து இணைப்புத் தளர்ந்தால், ஓடும் வண்டி நடுச்சாலையில் அணைந்துவிடும். கடற்கரைச் சாலையில் பின்னால் பஸ் விரைந்து வரும்போது இது நேர்ந்தால்? ஆகையால், "எந்த ஒயரை வெட்டினீர்கள்?" என்று மெக்கானிக்கைக் கேட்டு, பதிலை ஒரு சீட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் பெரும்பாலும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றை நீங்கள் தொடவே வேண்டாம்.

கார் அண்ணாவுடையதோ அத்தானுடையதோ, உங்களுடையதேயோ, இந்தக் கேள்வியைக் கேட்க மோட்டார் படிப்பு வேண்டியதில்லை. மருந்தீசுவரரைத் தரிசிக்க வரும்போது மனிதர்களின் நோய் தீர வேண்டிக்கொள்ளுங்கள். காரின் நோய்க்கு ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.