சொல்லப்படாத மூலிகை

'உணவே மருந்து' என்பது தமிழர் வழங்கும் முதுமொழி. ஆயினும், உண்பவன் அறிந்து உண்ணும்போதே அம்மொழி மெய்யாகும். நல்ல மருத்துவர் மருந்தோடு அதன் அளவையும் பத்தியத்தையும் சொல்லியே கொடுப்பார். சொல்லாமல் கலக்கப்பட்ட மூலிகைக்கு அளவும் இல்லை, பத்தியமும் இல்லை.

மலேசியக் காடுகளில் வளரும் தொங்காட் அலியின் வேர் கடுங்கசப்புடையது. அதன் சாறு கலந்த காப்பித்தூள் கடைகளில் விற்கப்படுகிறது. உறையில் அறிவித்து விற்பது வேறு; அறிவியாது கலப்பது வேறு. காப்பியின் கசப்புக்குள் வேரின் கசப்பு ஒளிந்துகொள்ளும். பாலும் சீனியும் சேர்ந்துவிட்டாலோ நாக்கு ஏமாந்தே போகும். நாக்கு கைவிட்ட இடத்தில் வேதியியல் துணைக்கு வருகிறது.

உருசியத் தாவரவியலறிஞர் மிகாயில் சுவெத்து, பச்சிலைச் சாற்றைச் சுண்ணத்தூள் நிறைந்த கண்ணாடிக் குழாயின் வழியே செலுத்தி, அதிலிருந்த நிறங்கள் தனித்தனி வளையங்களாகப் பிரிவதை 1906ஆம் ஆண்டில் விளக்கி எழுதினார். வடிதாளில் இட்ட கறுப்பு மைத்துளி, நீர் ஏற ஏறப் பல நிறங்களாகப் பிரிவதைக் கண்ட மாணாக்கர்க்கு இவ்வண்ணப்பிரிகை புதிதன்று.

இன்றைய ஆய்வுக்கூடத்திலும் அடிப்படை அதுவே. காப்பியின் கரைசல், நுண்துகள் நிறைந்த குழாயினுள் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்தப்படுகிறது. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளியேறுகிறது. மற்றொரு கருவி அதன் மூலக்கூற்றின் நிறையை அளக்கிறது. தொங்காட் அலியின் அடையாளப் பொருள் யூரிகோமனோன். நேரம், நிறை இரண்டும் தூய யூரிகோமனோனோடு ஒத்துவருமாயின், உறை மறைத்ததைக் கருவி உரைத்துவிடும்.

இது வெறும் ஆய்வுக்கூட ஆர்வமன்று. உயிரைப் பற்றிய செய்தியாகும். பெல்சிய நாட்டில் 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், உடல் மெலிவதற்கென மூலிகைப்பொடி அடங்கிய மாத்திரைகளை உட்கொண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் பழுதடைந்து மருத்துவமனைகளை அடைந்தனர். அவர்கள் தொகை நூற்றைக் கடந்தது. ஆராய்ந்தபோது, பொடியில் இருக்க வேண்டிய தெபானியா மூலிகையின் அடையாளமான டெட்ராண்டிரின் பல மாதிரிகளில் இல்லை. நஞ்சாகிய அரிசுடலோக்கிக் அமிலமே இருந்தது. சீன மொழியில் இரு மூலிகைகளின் பெயர்களும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தமையால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று புகுந்துவிட்டது. புகுந்தது, தமிழ் மருத்துவம் அறிந்த ஆடுதின்னாப்பாளையின் பேரினத்தைச் சேர்ந்த செடியே. இயற்கையில் விளைந்தது என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

கருவிக்கும் எல்லை உண்டு. 'காணப்படவில்லை' என்னும் ஆய்வுமுடிவு, தேடிய பொருள்களைப் பற்றியதே. தேடாத பொருள் தப்பிச் செல்லக்கூடும். மேலும், ஆய்வுக்கூடத்தை வந்தடைவது ஒரு சில பொட்டலங்களே. எஞ்சியவை வீடுகளுக்குச் செல்கின்றன. அங்கே அவற்றை அருந்துபவருள் இதய நோயாளியும் இருக்கலாம்; கருவுற்ற தாயும் இருக்கலாம். அவர்கள் நம்பியிருப்பது உறைமீது அச்சிட்ட சில வரிகளையே. அவ்வரிகள் வாய்மை உடையனவாக இருப்பதே முதற்காப்பு. வேதியியல் அதற்கு அடுத்த காப்பேயாம்.