கிளியூர்க் கணப்பு

ஏற்காட்டுக்கு "ஏழைகளின் ஊட்டி" என்று ஒரு பட்டம் உண்டு. ஊட்டிக்குப் போகப் பணம் போதாதவர்கள், "ஊட்டிக் குளிர் நமக்கு ஒத்துக்கொள்ளாது" என்று கௌரவமாகச் சொல்லிக்கொண்டு ஏற்காட்டுக்குப் போவார்கள். நாமும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவர்தாம். ஆனால் ஏற்காட்டுக் குளிர் ஒன்றும் ஏழைக் குளிர் அல்ல என்பதைச் சென்ற மார்கழியில் நன்றாகத் தெரிந்துகொண்டோம்.

சேலத்திலிருந்து புறப்பட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் குழந்தை விரல் விட்டு எண்ணி முடித்தபோது, சுமார் 5,000 அடி உயரத்தில் இருந்தோம். அன்று மாலையே கிளியூர் அருவியைப் பார்க்கப் போனோம். ஏற்காட்டு ஏரியிலிருந்து வழியும் தண்ணீர் அங்கே 300 அடிப் பள்ளத்தில் விழுகிறது. மேகம் வந்து மூடும்போது அருவி மறைந்து, அதன் ஓசை மட்டும் கேட்கும். ஊரின் பெயரைக் கேட்டது முதல் கிளிகளைத் தேடிக்கொண்டிருந்த குழந்தையின் கண்ணில் ஒரு கிளியும் படவில்லை. பறவை விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

நாம் தங்கிய விடுதி புதுக் கட்டிடம். ஜன்னல்களெல்லாம் கண்ணாடி. இழுத்துச் சாத்தினால் ஈ எறும்பு நுழைய இடமில்லை. அப்படியும் இரவு ஒன்பது மணிக்குச் சுவர்களே குளிரை வெளியிடுவதுபோல் இருந்தது. டில்லிவாசிகள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் சேலத்து வெயிலிலே காய்ந்த உடம்புக்கு 13 டிகிரி என்பது இமயமலைதான். அதிலும் நம் தாயாருக்கு வயது 76. பழைய இழுப்பு வியாதி வேறு. இரண்டு கம்பளிகளுக்குள்ளிருந்து அவருடைய பற்கள் தாளம் போடும் சப்தம் நமக்குக் கேட்டது.

விடுதிக் காவற்காரர் மிகவும் நல்ல மனிதர். நாம் கேட்காமலே ஓர் இரும்புச் சட்டி நிறையக் கரி போட்டு, வெளியிலே விசிறிப் புகை அடங்கச் செய்து, செக்கச் செவேலென்று கனியும் தணலைக் கொண்டுவந்து அறையின் நடுவில் வைத்தார்.

"கதவைச் சாத்திக்கிடுங்க, ஐயா. அப்பத்தான் சூடு நிக்கும்" என்றார்.

தாயாரின் முகம் மலர்ந்தது. "இதல்லவா கணப்பு! நீ பிறந்தபோது பிரசவ அறையில் பத்து நாளும் கணப்புச் சட்டி இருந்தது. அதனால்தான் நீ இன்றைக்கு இப்படித் திடமாயிருக்கிறாய்" என்றார். இதற்குமேல் ஆட்சேபிப்பதற்கு என்ன இருக்கிறது? கதவைச் சாத்தித் தாழிட்டோம்.

முக்கால் மணி நேரம் சென்றிருக்கும். "தலையை வலிக்கிறது, வயிற்றையும் புரட்டுகிறது. எல்லாம் அந்த வளைவுகள் செய்த வேலை" என்றாள் மனைவி. நமக்கும் நெற்றிப் பொட்டில் வலி தொடங்கியிருந்தது. வளைவுகளின்மேல் பழியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்திருப்போம். அந்தச் சமயத்தில் குழந்தை தூக்கத்திலேயே, "அப்பா, தலை வலிக்கிறது" என்று முனகினாள். வளைவுகளில் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டுதான் வந்தாள். அப்படியிருக்க மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி வருவானேன்?

எழுந்து நின்றபோது முழங்கால்கள் நம் சொல்லைக் கேட்கவில்லை. எப்படியோ தடுமாறிச் சென்று கதவைத் திறந்தோம், ஜன்னல்களையும் திறந்தோம். ஆளுக்கொரு கம்பளியோடு எல்லாரையும் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்றோம். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு சட்டியை வெளியே இழுத்தோம். "குளிரிலே கொல்லப் பார்க்கிறாயா?" என்று தாயார் கடிந்துகொண்டார். அரைமணி நேரத்தில் மூவருக்கும் தலை தெளிந்தது. அது விஷ வாயுவின் வேலையா, மலைப்பாதையின் வேலையா என்று கோர்ட்டில் நிரூபிக்கச் சொன்னால் நம்மிடம் சாட்சி இல்லை. ஆனால் பரீட்சித்துப் பார்ப்பதற்காக மறுபடியும் கதவைச் சாத்திக்கொள்ள நாம் தயாராயில்லை.

ஏனெனில், அன்றிரவு நம் நினைவுக்கு வந்தது 2020-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துச் செய்தி. கேரளத்திலிருந்து நேபாளத்துக்கு உல்லாசப் பிரயாணம் சென்ற பதினைந்து பேர், டாமன் என்ற மலைவாசஸ்தலத்தில் ஓர் இரவு தங்கினார்கள். அவர்களில் எட்டுப் பேர் ஓர் அறையில் கதவையும் ஜன்னலையும் அடைத்துக்கொண்டு, கேஸ் ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கினார்கள். காலையில் அந்த எட்டுப் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். நம் பக்கத்திலேயே, 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொடைக்கானலில், இறைச்சி சுட்ட கரியடுப்பை அணைக்காமல் அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய இளைஞர் இருவர் மாண்டுபோனார்கள். மேல்நாட்டுப் பெரியோர்களுக்கும் இந்த விதியிலிருந்து விலக்கு இல்லை. பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஜோலா 1902-ஆம் ஆண்டு பாரிஸில் இறந்தது, கணப்பின் புகைபோக்கி அடைத்துக்கொண்டதால் படுக்கை அறையில் சேர்ந்த இதே வாயுவினால்தான்.

அந்த வாயுவின் பெயர் கார்பன் மோனாக்சைடு. போதிய பிராணவாயு கிடைக்காமல் கரியோ, விறகோ, கேஸோ அரைகுறையாக எரியும்போது அது உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் கரிப்பதில்லை, இருமல் வருவதில்லை. புகை அடங்கினால் அபாயமும் அடங்கிற்று என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் புகையில்லாமல் சிவந்து கனிகிற தணல்தான் இந்த வாயுவைத் தாராளமாக வெளியிடுகிறது. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக இதைப் பற்றிக்கொள்கிறது. ரயிலில் இடம் பிடித்த பிரயாணி மாதிரி, உட்கார்ந்தால் இலேசில் எழுந்திருப்பதில்லை. பிராணவாயுவோ நின்றுகொண்டே வரவேண்டியதுதான். விழித்திருப்பவருக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் என்ற எச்சரிக்கைகள் உண்டு. தூங்குகிறவருக்கு அவையும் இல்லை. தூக்கம் மேலும் ஆழமாகிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் பறவை வருகிறது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்கள் கானரி என்ற சிறு பறவையைக் கூண்டில் கொண்டுபோவார்கள். விஷ வாயு பரவினால் மனிதருக்கு முன்னே பறவை சோர்ந்து விழும். உடனே ஓடி வந்துவிடுவார்கள். 1986-ஆம் ஆண்டில்தான் அந்தப் பறவைகளுக்கு ஓய்வு கொடுத்து, அவற்றின் இடத்தில் கருவிகளை வைக்கத் தீர்மானித்தார்கள். கிளியூரில் பெயரளவில்தான் நமக்குக் கிளி இருந்தது. அன்றிரவு கூண்டுப் பறவையின் வேலையைச் செய்தது நம் குழந்தை.

காலையில் தாயார் வழக்கைத் தொடர்ந்தார். "அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே?" கேட்க வேண்டிய கேள்விதான். விடை அந்தக் காலத்து வீட்டில் இருக்கிறது. நாம் பிறந்த வீட்டுக்கு ஓடு வேய்ந்த கூரை. ஓடுகளுக்கிடையே ஆகாசம் தெரியும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே பூனைக்குட்டி புகும். அந்த வீடு மூச்சு விட்டது. அதனால் நாமும் மூச்சு விட்டோம். அப்படியும் மூடிய பிரசவ அறைகளில் கணப்பினால் நேர்ந்த கேடுகளை ஜன்னி என்றும் தோஷம் என்றும் சொல்லி முடித்திருக்கலாம். இன்றைய கண்ணாடி அறை மூச்சு விடுவதில்லை. வழக்கம் பழையது, வீடு புதியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

"அப்படியானால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் போகிறது" என்றார். இந்த நம்பிக்கை நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. ஆனால் அந்த வாயு தண்ணீரில் கரைவது மிக அற்பம். கிண்ணம் நம்மைக் காப்பாற்றாது. ஜன்னலை ஒரு சாண் திறந்து வைப்பது நல்லதுதான். ஆயினும் தணலுக்கு அது போதிய ஜாமீன் அல்ல.

விடுதிக்காரர் மின்சார ஹீட்டர் வாடகைக்குத் தருவதாகச் சொன்னார். அதையும் சீர்தூக்கிப் பார்த்தோம். மின்சாரத்தில் ஒன்றும் எரிவதில்லையாதலால் அந்த விஷ வாயு உண்டாவதில்லை. பிராணவாயுவையும் அது தின்பதில்லை. இவ்வளவும் அதன் பக்கத்து நியாயம். மறு பக்கத்தில், 2,000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கிறது. விசிறிக்கும் விளக்கிற்கும் வைத்த 6 ஆம்பியர் பிளக்கிலோ, நீட்டிப்பு ஒயரிலோ அதை இரவெல்லாம் ஓட்டினால் ஒயர் சூடேறி உருகும். சிவந்த கம்பியின்மேல் தூக்கத்தில் ஒரு போர்வை நழுவி விழுந்தால் போதும்; மீதியை நெருப்பு பார்த்துக்கொள்ளும். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டரில் சிவந்த கம்பி வெளியே தெரியாதாகையால் அது சற்றுச் சாது. ஆனாலும் பிளக்கின் கவலை அதற்கும் உண்டு. ஆகவே 16 ஆம்பியர் பிளக்கில் நேராக மாட்டி, துணிமணிகளிலிருந்து மூன்றடி தள்ளி வைத்து, படுக்குமுன் ஒரு மணி நேரம் அறையைச் சூடாக்குவது. கண்ணை மூடுமுன் அதை அணைத்துவிடுவது என்று தீர்ப்பளித்தோம்.

நெருப்பு நல்ல வேலைக்காரன். ஆனால் எஜமானன் விழித்திருக்கும் வரையில்தான். நாம் தூங்கும்போது அதுவும் தூங்கவேண்டும்.

அப்படியானால் விடியும்வரை குளிருக்கு என்ன செய்வது? அறையை விட்டுவிட்டு ஆளைச் சூடாக்குவது என்று முடிவு செய்தோம். குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. மெத்தைக்கு அடியிலிருந்தும் வருகிறது. ஆகையால் தாயாருக்குக் கீழே ஒரு கம்பளி விரித்தோம். காலுக்கு உறை, தலைக்குக் குல்லாய் அணிவித்தோம். ரப்பர்ப் பையில் வெந்நீர் நிரப்பி, துணி சுற்றி, படுக்குமுன் கால்மாட்டில் வைத்தோம். இரண்டாம் நாள் இரவு பற்களின் தாளம் கேட்கவில்லை.

காவற்காரரிடமும் சொல்லவேண்டியிருந்தது. மூன்றாம் நாள் மாலை தாழ்வாரத்தில் அவரே மூட்டிய கணப்பைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது, நேபாளத்துக் கதையைச் சொன்னோம். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்க வீட்டிலேயும் ராவெல்லாம் கரி கனியுதுங்க. முன்னே கூரை வீடு. இப்போ காங்கிரீட்டு. மூணு பிள்ளைங்க. அப்போ குளிருக்கு என்ன செய்யறதுங்க?" என்றார்.

ரப்பர்ப் பையைப் பற்றிச் சொல்ல வாய் எடுத்து, நிறுத்திக்கொண்டோம். உபதேசம் இலவசம்; கம்பளிக்கு விலை உண்டு. கரியைத் தவிர வேறு வழியில்லாதவனிடம் கரி கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வருவது என்ன நியாயம்? மறுநாள் கடைவீதியில் மூன்று கம்பளிகள் வாங்கிக் கொடுத்தோம். பிள்ளைகள் சாப்பிட்டுக் குளிர் காய்ந்ததும் சட்டியை வெளியே வைத்து அணைத்துவிடவேண்டும் என்றும், யாருக்காவது தலை சுற்றினால் எல்லாரும் வெளியே வந்து 108-க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும் என்றும் சொன்னோம். பிராணவாயு கொடுப்பதுதான் இதற்கு வைத்தியம்.

அன்றிரவு, நாம் படுக்கப் போகுமுன் அவர் தணலின்மேல் தண்ணீரை ஊற்றினார். உஸ் என்ற சப்தத்துடன் அது கறுத்து அடங்கிற்று. குழந்தை கொட்டாவி விட்டுக்கொண்டு, "அப்பா, நெருப்பும் தூங்கிவிட்டது" என்றாள்.