நெல் குவியலில் எத்தனை பாடம்!

லண்டன்

அன்புள்ள அக்கா,

மன்னார்குடியிலிருந்து நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "பாப்பா சமூக அறிவியல்தான் படிப்பேங்குறா. அதுல அப்படி என்னதான்டா இருக்கு?" என்று கேட்டிருந்தாய்.

நம் ஊர் கொள்முதல் நிலையத்தில் கொட்டிக் கிடக்கும் நெல்லையே எடுத்துக்கொள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கத் தயங்குவார்கள். நனைந்த சம்பாவின் நட்டம் யார் தலையில் விழுகிறது, ஆதார விலையை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று கேட்டால் அது பொருளாதாரம். நாற்று நட்ட பெண்களில் எத்தனை பேருக்குச் சொந்த நிலம் உண்டு என்பது சமூகவியல். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்குமா என்று கேட்டு, 2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பு, 2018-இல் உச்ச நீதிமன்றம் நமக்குத் தரச் சொன்ன 177.25 டிஎம்சி நீர் என்று தேடிப் போனால் அரசியல் அறிவியல். கடைமடையில் உப்புநீர் ஏறுவது புவியியல். இவற்றில் எந்தக் கேள்வி பாப்பாவை விடாமல் துரத்துகிறதோ, அதுதான் அவளுக்கான பாடம்.

இங்கே லண்டன் பொருளாதாரப் பள்ளி 1895-இல் தொடங்கியது. அம்பேத்கர் 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்ற இடம். பொருளாதாரம், மானுடவியல், சமூகக் கொள்கை, புவியியல் என்று இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் மூன்று ஆண்டு. பொருளாதாரம் என்றால் பள்ளியில் கணிதம் படித்திருக்க வேண்டும். ஆனால் கட்டணம் நம் குடும்பத்துக்குத் தாங்காது. உதவித்தொகை கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

அதற்காக மனம் தளர வேண்டாம். திருவாரூர் அருகே நீலக்குடியில் 2009-இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது; க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 1854-இல் தொடங்கிய கும்பகோணம் அரசுக் கல்லூரியும் பக்கம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆராய்ந்து 1918-இல் நூலாக்கினார். பழைய தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் அதில் உண்டு. பிறகு இங்கிலாந்திலிருந்து மானுடவியலாளர் கேத்லீன் கஃப் தஞ்சைக் கிராமங்களை ஆராய வந்தார். வங்காளத்தில் பிறந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சைக் கிராமம் ஒன்றில் வந்து தங்கி, 1965-இல் சாதி, வர்க்கம், அதிகாரம் பற்றிய நூலை வெளியிட்டார். நம் வயலையும் தெருவையும் படிக்க உலகம் நம்மைத் தேடி வந்திருக்கிறது அக்கா. அங்கேயே பிறந்தவள் படிக்க ஆசைப்படும்போது நாம் தடுக்கக் கூடாது. தைரியமாகச் சேர்த்துவிடு.

அன்புடன்,
உன் தம்பி