குடாவைச் சுற்றி ஒரு நாள்



எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் 'பாதை' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, நீங்கள் அறிந்த தெரு. மற்றது, ஆற்றையும் கடல்வாயையும் கடப்பதற்காக மனிதரையும் வாகனத்தையும் ஏற்றிச் செல்லும் மிதவை. "பாதை வந்துட்டா?" என்று துறையில் ஒருவர் கேட்டால் வெளியூர்க்காரர் விழிப்பார். பாதை எப்படி ஐயா வரும்? எங்களுக்கு வந்தது. சில நாள் வராமலும் போனது. பிரசவ வலியோடு துறையில் காத்திருந்த பெண்களைப் பற்றி எங்கள் உம்மாமார் சொல்லும் கதைகள் ஏராளம்.

கிண்ணியாவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் அந்தக் காத்திருப்பு 2009 அக்டோபரில் முடிந்தது. சவூதி அரேபியாவின் நிதி உதவியோடு கட்டப்பட்ட 396 மீற்றர் நீளமான பாலம் அந்த மாதம்தான் திறக்கப்பட்டது. ஆனாலும் பாதை எங்களை முற்றாக விட்டுப் போய்விடவில்லை. 2021 நவம்பர் 23 அன்று, புதிய பாலத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் இறந்தவர்களில் அடக்கம். அந்தக் காலை நேரத்தை எங்கள் ஊர் இன்னும் மறக்கவில்லை.

எனவே, எங்களுக்குத் தரை வழியாகச் சுற்றி வருவது என்பதே ஒரு பாக்கியம். கொட்டியாரக் குடாவை ஒரே நாளில் மோட்டார் சைக்கிளில் சுற்றி வந்த கதையைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாங்கள் நால்வர், மூன்று வண்டிகள். வண்டி திருத்தும் கடை வைத்திருக்கும் என் மச்சான் ஒருவர். எங்கள் அரபுக் கல்லூரியில் ஓதி முடித்த இளம் மௌலவி ஒருவர். மூன்றாமவர், எங்கள் மாணவர்களைச் சாதாரண தரப் பரீட்சைக்குத் தயார் செய்யும் கணித ஆசிரியர். சம்பூரைச் சேர்ந்த தமிழர். எட்டு வருடமாக என்னோடு ஒரே அறையில் தேநீர் குடிப்பவர். பயணத்தில் மூவர் சென்றாலே ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிவழி. வயதைப் பார்த்து என்னை அமீராக்கினார்கள். அதனால் விளைந்த சங்கடத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சிறுபோக நெல் கதிர் பிடித்திருந்த காலம். சுபஹ் தொழுதுவிட்டுக் கிண்ணியாவிலிருந்து கிழக்கே புறப்பட்டோம். உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாலத்துக்கு மேல் பாலம். முன்பு இவை ஒவ்வொன்றும் ஒரு பாதைத் துறை. கங்கைப் பாலத்தில் நிறுத்தி இறங்கிப் பாருங்கள். 335 கிலோமீற்றர் ஓடி வந்த மகாவலி, இலங்கையின் மிக நீண்ட நதி, இந்தக் குடாவில்தான் கடலைச் சேருகிறது. மலையகத்தின் மண் கலந்த தண்ணீர் ஒரு நிறம், கடல் இன்னொரு நிறம்.

மூதூர் என் பிறந்த ஊர். அங்கே பிட்டும் மீன் ஆணமும் சாப்பிட்டுவிட்டு, வெள்ளைக்காரன் மரம் இருந்த இடத்தை இளையவருக்குக் காட்டினேன். 1659இல் புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று இந்தக் குடாவில் ஒதுங்கியது. மறு வருடம் கண்டி மன்னனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபர்ட் நொக்ஸையும் பிடித்துச் சென்றார்கள். மகனுக்கு அப்போது வயது 19. இன்னும் ஒரு 19 வருடம் கைதியாக மலைநாட்டில் கழித்து, 1679இல் காட்டு வழியே தப்பி மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூல்தான் அக்காலக் கண்டி இராச்சியத்தை உலகுக்குச் சொன்னது. "தெரியாத பாதையில நடந்தவர்தான் நல்லா எழுதி இருக்கார்" என்றார் ஆசிரியர். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு முழுதாக வரவில்லை.

காரணம், இனி நாங்கள் போகவிருந்த வழி. மூதூரிலிருந்து உள்ளே திரும்பி, கிளிவெட்டி, சேருநுவர கடந்து கந்தளாய்க்குப் போகும் வழி. 2006க்குப் பிறகு அதில் நான் கால் வைத்ததில்லை. மட்டக்களப்புக்குப் போவதென்றாலும் ஹபரணை வழியாகச் சுற்றித்தான் போவேன். யாராவது கேட்டால், "அந்தப் பக்கம் பஸ் சரியில்லை" என்று சொல்லிவிடுவேன்.

2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டது. அந்தத் தண்ணீரை நம்பியிருந்த சிங்கள, தமிழ், முஸ்லிம் விவசாயிகள் எல்லோரது வயலும் காய்ந்தது. அங்கே தொடங்கிய சண்டை ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூதூருக்குள் வந்துவிட்டது. சனங்கள் தஞ்சம் புகுந்த இடங்களிலும் ஷெல் விழுந்தது. ஊர் முழுவதும் கந்தளாயை நோக்கி நடந்தது. ஆகஸ்ட் 4 அன்று அதே மூதூரில், பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம்.

அப்போது நான் ஓதி முடித்துச் சில வருடமே ஆன இளைஞன். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். உம்மாவின் முந்தானையில் வீட்டுத் திறப்பு முடிந்திருந்தது. வழி நெடுக ஒரே கேள்விதான்: "மகன், அடுப்ப அணைச்சனாடா?" நூறு தடவை அணைத்ததாகச் சொன்னேன். உண்மையில் நான் பார்க்கவில்லை. சில வாரங்கள் கழித்து ஊர் திரும்பியபோது உம்மா முதலில் ஓடியது அடுப்படிக்குத்தான். உம்மா இப்போது இல்லை. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக.

தோப்பூரில் உறவினர் வீட்டில் ளுஹர் தொழுதோம். "ஹஸ்ரத், சேர்த்துச் சுருக்கித் தொழலாமா?" என்று இளையவர் கேட்டார். நல்ல கேள்வி. நாம் சுற்றும் தூரம் நூறு கிலோமீற்றரைத் தாண்டலாம். ஆனால் ஷாபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது ஏறத்தாழ எண்பது கிலோமீற்றருக்கு மேல் உள்ள இடத்தை நாடிப் போகும்போதுதான் அந்தச் சலுகை. வீட்டைச் சுற்றி வட்டம் போடுகிறவனுக்கு இல்லை. புறப்படும்போது உறவினர் இரண்டு சட்டி எருமைத் தயிர் கட்டித் தந்தார். பையில் இடமில்லை. மச்சானின் காற்றடிக்கும் பம்பை எடுத்து அங்கேயே வைக்கச் சொன்னேன். "வழியில் கடைகள் இருக்கு, எதுக்குச் சுமை?" மச்சான் ஏதோ சொல்ல வந்து, அமீரின் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டார்.

கிளிவெட்டியில் ஆசிரியர் கையைக் காட்டினார். "கொஞ்சம் நிப்பாட்டுங்க மௌலவி."

தெருவோரத்தில் வெறும் புல்வெளி. இரண்டு மாடு மேய்ந்துகொண்டிருந்தன. அவர் இறங்கிப்போய் ஓரிடத்தில் நின்றார். சம்பூர் மக்கள் 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குத் தப்பி ஊரை விட்டவர்கள். காணிகள் மின் நிலையத்துக்கென்றும் முகாமுக்கென்றும் எடுக்கப்பட்டன. விடுவிப்பு 2015இல்தான் தொடங்கியது. அந்த வருடங்களைப் பலர் கழித்தது கிளிவெட்டி முகாமில், தகரக் கொட்டகைகளில். இதெல்லாம் நான் பத்திரிகையில் படித்தவை.

"இதிலதான் எங்கட கொட்டில். என்ட மகள் இங்கதான் நடக்கப் பழகினவ" என்றார் ஆசிரியர்.

எட்டு வருடத் தேநீர், வாசகர்களே! பரீட்சைப் பெறுபேறு பற்றிப் பேசியிருக்கிறோம், மீன் விலை பற்றிப் பேசியிருக்கிறோம். "நீங்கள் அந்த வருடங்களில் எங்கே இருந்தீர்கள்?" என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. கேட்டால் அவரும் என்னைக் கேட்பாரே என்ற பயமாக இருக்கலாம். அந்தப் புல்வெளியில் நின்று நான் உம்மாவின் அடுப்புக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கட அம்மா கோழிக்கூட்டைத் திறந்து விட்டாவோ எண்டு கேட்டுக் கேட்டே வந்தவ" என்றார்.

சேருநுவர தாண்டிக் கந்தளாய் வழியில் திரும்பியபோது அஸர் நேரம் கடந்து வெயில் சாய்ந்திருந்தது. ஒரு வாய்க்கால் கட்டு தெருவிலிருந்து பிரிந்தது. அதைப் பார்த்ததும், "இதுதான் குறுக்கு வழி, நான் நடந்த வழி" என்றேன். இளையவர் தயங்கினார். "ஹஸ்ரத், இது ஆக்கள் போற பாதை மாதிரித் தெரியல்ல." எனக்குக் கோபம் வந்தது. "இந்த வழியில் நடந்தவன் நான்தானே!" என்றேன். அதற்குமேல் அவர் பேசவில்லை. மாணவராக இருந்தவர் அல்லவா?

மூன்று கிலோமீற்றர் போனதும் கட்டு வயலுக்குள் மறைந்தது. திரும்பும்போது மச்சானின் பின் டயரில் காற்றுப் போய்விட்டது. ஒட்டுவதற்குச் சாமான் இருந்தது. காற்றடிக்கப் பம்ப் இல்லை. அது தோப்பூரில் இருந்தது, தயிர் எங்களிடம் இருந்தது. மச்சான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போது தூரத்துப் பரணில் இருந்து ஒருவர் கைகளை வீசி, "அலி! அலி!" என்று கத்தினார். எங்களில் யாருக்கும் அலி என்று பெயரில்லையே என்று நான் பார்த்தேன். சிங்களம் நன்றாகத் தெரிந்த இளையவரின் முகம் மாறியது. "ஹஸ்ரத், யானை! சிங்களத்தில் அலி என்றால் யானைகள்!" வயலின் மறுகரையில், காட்டு விளிம்பில், கறுப்பாக நான்கைந்து உருவங்கள். வண்டிகளை உருட்டிக்கொண்டு ஓடிய ஓட்டம் இருக்கிறதே, எழுத்தில் வராது.

அவர் வயதான சிங்கள விவசாயி. வெடி கொளுத்தி யானைகளை ஒதுக்கிவிட்டு, எங்களைப் பரணடிக்கு அழைத்தார். அவருடைய சைக்கிள் பம்ப் கிடைத்தது. மச்சான் டயரை ஒட்டினார். நாங்கள் மஃரிப் தொழ, அவரே பாயை உதறி விரித்தார். பின்பு வெறுந்தேநீரும் சர்க்கரைத் துண்டும். ஒரு தயிர்ச் சட்டியைக் கொடுத்தோம். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். மூதூர் என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 2006இல் இந்த வயல் கால் வைக்க முடியாதபடி வெடித்துக் கிடந்ததையும், தாமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனதையும் சொன்னார். இளையவர் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, ஆசிரியரும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. யார் கூட இழந்தார் என்ற கணக்கும் வரவில்லை.

இரவில் யானை நடமாடும் இடமாதலால், உழவு இயந்திரத்தில் வந்த தம் மகனை முன்னால் விட்டுப் பெருந்தெரு வரை எங்களை அனுப்பினார். பெருந்தெருவில் ஏறிய பிறகு இளையவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் அந்த வழியில் நடந்தது உண்மை. ஆனால் அன்று பார்த்தது உம்மாவின் கால்களையும் முன்னால் போனவரின் முதுகையும்தான். வழியை நான் பார்க்கவே இல்லை. பயத்தில் நடந்தவன் வழிகாட்டியாக முடியாது என்பதை நாற்பது வயதுக்குப் பிறகு, ஒரு வாய்க்கால் கட்டில் கற்றுக்கொண்டேன்.

கந்தளாய்க் குளக்கட்டு இருளில் நீண்டு கிடந்தது. பழைய மன்னர் காலத்துக் குளம். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் இதன் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2006இல் நாங்கள் பசியோடு வந்து சேர்ந்தபோது சோற்றுப் பொதிகளோடு நின்றவர்களும் இந்த ஊரார்தான். தண்ணீர் கொண்டுபோன துயரத்தைக் கண்டவர்களுக்கு எங்கள் துயரம் புரிந்திருக்க வேண்டும். பள்ளிவாசலில் இஷா தொழுதுவிட்டு, தம்பலகாமம், சீனன்குடா வழியாக வந்தோம். அங்கே காட்டுக்குள் நிற்பவை ஆங்கிலேயர் கட்டிய பெரும் எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவற்றிலொன்று எரிந்து அழிந்தது. வெள்ளைமணல் கடந்து கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது குடா முழுவதும் மீன்பிடி விளக்குகள்.

வாசகர்களே, இந்த வழியில் நீங்களும் வரலாம். வந்தால் சில விடயங்களை நினைவில் வையுங்கள். கந்தளாய்ப் பக்கக் காட்டு வழிகளை அஸருக்கு முன்பே கடந்துவிடுங்கள். பெற்றோலை மூதூரிலேயே நிரப்புங்கள். தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிடாமல் தலையில் போடுங்கள். பம்பைத் தயிருக்காக விட்டுவிடாதீர்கள். அமீராக இருந்தால், வயதில் இளையவர் தயங்கும்போது வண்டியை நிறுத்திக் காரணம் கேளுங்கள்.

இன்னொன்று. உங்களோடு வேலை செய்பவர், பக்கத்து வீட்டில் இருப்பவர், பல வருடம் தேநீர் பகிர்ந்தவர் யாராவது இருப்பார். அவர் எந்த வழியாக உங்கள் பக்கத்தில் வந்து சேர்ந்தார் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். மறு திங்கட்கிழமை ஆசிரியர் கல்லூரிக்கு வந்தபோது தம் மகளையும் அழைத்து வந்தார். இப்போது உயர்தரம் படிக்கிறார். என் மனைவி மீதியிருந்த தயிர்ச் சட்டியை எடுத்து வைத்தாள். அன்று எங்கள் வீட்டில் நீண்ட நேரம் பேச்சு நடந்தது. உம்மாவின் திறப்பை எடுத்து அந்தப் பிள்ளைக்குக் காட்டினேன்.